பங்குனியில் ஏரி பச்சையாவது ஏன்?

ஏரி நீரின் நிறம், நாற்றம், மீன் சாவு, பரிசோதனை பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும் எங்கள் ஊர் ஏரி, தை முடியும் வரை தெளிவாகத்தான் இருக்கிறது. பங்குனி பிறந்ததும் பச்சை பூசிக்கொள்கிறது. அந்த நேரம் மழையும் இல்லை; ஏரி நீர் பாயும் ஆயக்கட்டு வயல்களில் உரம் போடுவாரும் இல்லை. பாசிக்குச் சத்து எங்கிருந்து வருகிறது?
— வாசகர், மதுராந்தகம் வட்டம்

புதிதாக எங்கிருந்தும் வரவில்லை. ஐப்பசியில் வந்து சேற்றில் படிந்ததுதான் பங்குனியில் மேலே வருகிறது. இந்த ஐந்து மாத இடைவெளி தெரியாததால்தான், பாசி வந்த பிறகு பல ஊர்களில் மருந்து தேடி ஓடுகிறார்கள்.

முதலில் ஒரு திருத்தம். உங்கள் ஆயக்கட்டு உரம் உங்கள் ஏரிக்கு வராது. மதகுக்குக் கீழே இருப்பதால் அது அடுத்த ஏரிக்குப் போகும். உங்களுக்கு வருவது மேலே உள்ள ஏரியின் ஆயக்கட்டு உரம், ஊர்ச் சாக்கடை, ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலில் கிடக்கும் சாணம், கோடையில் காய்ந்து வெடித்த ஏரிப் படுகையிலேயே மக்கிய புல்பூண்டு ஆகியவைதான். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய 48 சதவீதம் வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அதில் முதல் இரண்டு மூன்று பெரிய மழைகள்தான் இந்த அழுக்கையெல்லாம் வாரிக்கொண்டு வருபவை. கார்த்திகையின் பின்மழையில் வரும் நீர் பெரும்பாலும் சத்துக் குறைந்தது.

உள்ளே வந்த பிறகு தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) வழி பிரிகின்றன. தழைச்சத்து பெரும்பாலும் நைட்ரேட்டாகக் கரைந்தே வரும். நீர்த்தாவரங்கள் அதை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தைச் சேற்றில் ஆக்சிஜன் இல்லாத இடத்து பாக்டீரியாக்கள் வாயுவாக மாற்றிக் காற்றில் விட்டுவிடும். மாசிக்குள் நீரில் நைட்ரேட் மிகக் குறைந்துவிடுவது இதனால்தான். மணிச்சத்துக்கு வாயு வடிவம் கிடையாது. அது களிமண் துகளில் ஒட்டிக்கொண்டு வந்து, மார்கழியில் நீர் தெளியும்போது வண்டலோடு அடியில் இறங்கிவிடும். அங்கே அதைப் பிடித்துவைப்பது இரும்பு. சேற்றின் மேல்தோலில் ஆக்சிஜன் இருக்கும்வரை இரும்பு துரு நிலையில் இருக்கும். பாஸ்பேட் வடிவில் உள்ள மணிச்சத்தைத் துரு விடாது.

கோடையில் இந்தப் பிடி தளர்கிறது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும் நீர், 30 டிகிரியில் 7.6 மில்லிகிராம்தான் தாங்கும். அதே வெப்பத்தில் சேற்று பாக்டீரியாக்கள் இன்னும் வேகமாக ஆக்சிஜனைத் தின்னும். சேற்றின் தோலில் ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு கரையும் நிலைக்கு மாறுகிறது. அதனிடம் இருந்த பாஸ்பேட் நீருக்கு வந்துவிடுகிறது. இதோடு நிற்பதில்லை. பாசி பகலில் கரியமில வாயுவை உறிஞ்சுவதால் நீரின் பி.எச். (அமில, கார அளவு) 9-ஐத் தாண்டும். அந்தக் காரத்தன்மையிலும் இரும்பு பாஸ்பேட்டை விடும். அதாவது பாசி தனக்கு வேண்டிய உரத்தைத் தானே சேற்றிலிருந்து இறக்கிக்கொள்கிறது. தொடங்கிய பிறகு நிறுத்துவது கடினம் என்பதற்கு இதுவே காரணம்.

'தண்ணீர் வற்றுவதால் சத்து அடர்த்தியாகிறது, அவ்வளவுதான்' என்று சொல்வார்கள். பாதி உண்மை. சராசரி 2 மீட்டர் ஆழமுள்ள ஏரியில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்தால், 90 நாளில் 54 சென்டிமீட்டர் போகும். அதனால் மட்டும் அடர்த்தி 1.4 மடங்குக்கு மேல் ஏறாது. பாசனத்துக்கு மதகு திறப்பதும் அடர்த்தியை நேரடியாகக் கூட்டாது. சத்தும் நீரோடு சேர்ந்துதானே வெளியேறுகிறது. ஆனால் ஆழம் குறைகிறது, முக்கியமானது அதுதான். ஒரு சதுர மீட்டர் சேறு நாளுக்கு 5 மில்லிகிராம் பாஸ்பரஸ் விடுகிறது என்று கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். 2 மீட்டர் நீர் மேலே இருந்தால் 30 நாளில் லிட்டருக்கு 75 மைக்ரோகிராம் ஏறும். 70 சென்டிமீட்டர்தான் இருந்தால் அதே சேறு 214 மைக்ரோகிராம் ஏற்றிவிடும். போதாக்குறைக்கு, அந்த ஆழத்தில் பிற்பகல் காற்றே சேற்றைக் கலக்கும்.

எவ்வளவு சத்து வந்தால் ஒரு ஏரி கெடும்? ஒரு கணக்குக் கொடுங்கள். நாங்கள் ஊர்க் கூட்டத்தில் பேச வேண்டும்.
— வாசகர், செய்யாறு

பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பு 1982-இல் வெளியிட்ட வரையறை இன்றும் பயன்படுகிறது. மொத்த பாஸ்பரஸ் ஆண்டுச் சராசரியாக லிட்டருக்கு 35 மைக்ரோகிராமைத் தாண்டினால் மிகுசத்து ஏரி. 100-ஐத் தாண்டினால் கடுமையான மிகுசத்து. குளிர்நாட்டு ஏரிகளை வைத்து எழுதியது என்பதால் நம் ஏரிக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அளவின் பருமன் புரியும்.

50 கிலோ டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உர மூட்டையில் மணிச்சத்து 23 கிலோ என்று அச்சிட்டிருக்கும். அது பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கு. அதைப் பாஸ்பரஸாக மாற்ற 0.436-ஆல் பெருக்க வேண்டும்: 10 கிலோ. 100 ஏக்கர் ஏரியில் சராசரி 80 சென்டிமீட்டர் நீர் இருந்தால் சுமார் 3.2 லட்சம் கன மீட்டர். ஒரே ஒரு மூட்டை முழுவதும் கரைந்து வந்தால் லிட்டருக்கு 31 மைக்ரோகிராம் ஏறும். ஒரு மூட்டை!

வயலைக் குற்றம் சொல்வதற்கு முன் சாக்கடையையும் கணக்கில் எடுங்கள். ஒருவர் கழிவில் நாளுக்குக் குறைந்தது 1 கிராம் பாஸ்பரஸ் போகிறது. 1,000 பேர் வாழும் தெருக்களின் கழிவு ஏரியில் விழுந்தால் ஆண்டுக்கு 365 கிலோ. டிஏபி கணக்கில் 36 மூட்டை. வயல் உரம் மழை நாட்களில் மட்டும் வரும். அதில் ஒரு பகுதி உபரி நீர் வழியும் கலங்கல் வழியே வெளியேறியும் விடும். சாக்கடை சித்திரை வெயிலிலும் நிற்காது, வெளியேற வழியும் இருக்காது. கூட்டத்தில் முதலில் பேச வேண்டியது சாக்கடையைத்தான் என்பது எங்கள் கருத்து.

பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றம் சார்பில் ஏரி நீரைச் சோதித்தோம். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டுக்கும் 'கண்டறியும் அளவுக்குக் கீழ்' என்று முடிவு வந்தது. ஏரியோ பசும்பெயின்ட் கொட்டியது போல இருக்கிறது. ஆய்வகம் தவறு செய்துவிட்டதா?
— ஆசிரியை, சேத்தியாத்தோப்பு

ஆய்வகம் சொன்னது சரியாகவே இருக்கலாம். சத்து நீரில் இல்லை. பாசியின் உடலுக்குள் போய்விட்டது. வடிகட்டிய நீரில் கரைந்த பாஸ்பேட்டை மட்டும் பார்த்தால், பாசி உச்சத்தில் இருக்கும்போதுதான் அளவு மிகக் குறைவாகத் தெரியும். 'மொத்த பாஸ்பரஸ்' என்று தனியாகக் கேளுங்கள். அதற்கு நீரை வடிகட்டாமல் பெர்சல்பேட் என்ற வேதிப்பொருளைச் சேர்த்துச் சிதைத்துப் பார்ப்பார்கள். பாசிக்குள் இருப்பதும் கணக்கில் வரும்.

இரண்டாவது, கண்டறியும் அளவு என்ன என்று கேட்டீர்களா? குடிநீருக்குச் சோதிக்கும் பல ஆய்வகங்கள் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே பார்ப்பதில்லை. குழாய் நீருக்கு அது போதும். ஏரிக்கு 0.035-லேயே தொல்லை தொடங்கிவிடுகிறது என்பதால் அந்த அறிக்கையால் பயனில்லை. மாலிப்டேட்–அஸ்கார்பிக் அமில முறையில், நீளமான கண்ணாடிக் கலம் வைத்து 0.01 வரை பார்க்க முடியுமா என்று கேட்டுவிட்டு மாதிரியைக் கொடுங்கள்.

நைட்ரேட் தீர்ந்துபோவதும் கோடையில் இயல்பு. அது இல்லாமல் பாசி எப்படி வளரும் என்றால், அனபீனா போன்ற நீலப்பச்சைப் பாசிகள் காற்றின் நைட்ரஜனையே எடுத்துக்கொள்ளும். நைட்ரேட் இல்லாத, பாஸ்பேட் உள்ள வெதுவெதுப்பான ஏரி அவற்றுக்குத்தான் வசதி. மைக்ரோசிஸ்டிஸ் என்ற இன்னொரு நீலப்பச்சைப் பாசி அப்படி எடுக்காது. அது சேற்றிலிருந்து வரும் அம்மோனியாவில் வாழும்.

மாதிரி எடுக்கும் முறையில் நடக்கும் தவறுகள் பல. புட்டியைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவினால் அதிலுள்ள பாஸ்பேட் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அலசி, காய்ச்சி வடித்த நீரில் கழுவ வேண்டும். கரையோரத்தில் எடுத்தால் காற்று ஒதுக்கிய பாசிதான் வரும். ஆழமான பகுதிக்கு மேலே, பரப்பிலிருந்து 30 சென்டிமீட்டர் கீழே, ஏரி நீராலேயே மூன்று முறை அலசிய புட்டியில், காலை ஒன்பது பத்து மணிக்குள் எடுங்கள். பனிக்கட்டிப் பெட்டியில் இருட்டில் வையுங்கள். கரைந்த பாஸ்பேட்டுக்கானதை 0.45 மைக்ரான் தாளில் அன்றே வடிகட்ட வேண்டும். மறுநாள் வடிகட்டினால் பாசி செத்து, உள்ளிருந்த சத்து கரைந்து, பொய்யான உயர்வு காட்டும்.

அலகையும் பாருங்கள். 'நைட்ரேட்' என்றும் 'நைட்ரேட்-நைட்ரஜன்' என்றும் இரு விதமாக எழுதுவார்கள், இரண்டாவதை 4.43-ஆல் பெருக்கினால் முதலாவது. பாஸ்பேட்டுக்கு அந்தப் பெருக்கல் எண் 3.07. ஒரு ஆய்வக அறிக்கையை இன்னொன்றோடு ஒப்பிட்டு 'மூன்று மடங்கு கூடிவிட்டது' என்று செய்தியாகும் பல கதைகள் இந்த மாற்றுக்கணக்கில்தான் முடிகின்றன.

ஆண்டுக்கு நான்கு முறை எடுக்கப் பணம் இருந்தால்: முதல் வெள்ளம் வந்து பத்து நாளில், மார்கழிக் கடைசியில், மாசி நடுவில், சித்திரையில். ஒரே முறைதான் முடியும் என்றால் சித்திரையில் மொத்த பாஸ்பரஸ் மட்டும் பாருங்கள்.

பணமே இல்லாமல் மாணவர்கள் செய்யக்கூடியது, நீரின் தெளிவை அளக்கும் செச்சி தட்டு. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டை நாலாகப் பிரித்து, கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசி, அடியில் எடை கட்டி, 10 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் இறக்குங்கள். மறையும் ஆழம், மேலே இழுக்கும்போது மறுபடி தெரியும் ஆழம் இரண்டின் சராசரிதான் அளவு. நேரம் காலை 10 முதல் பிற்பகல் 2 வரை, படகின் நிழல் பக்கம். ஐப்பசியில் இந்த அளவு குறைவது களிமண்ணால், பாசியால் அல்ல. சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடிப் புட்டியில் இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். அடியில் மண் படிந்தால் மண் கலங்கிய நீர். மேலே பச்சை ஏடு கட்டினால் நீலப்பச்சைப் பாசி.

ஏரியில் மீன் குத்தகை எடுத்திருக்கிறேன். சித்திரையில் ஒரு நாள் மாலை இடியோடு மழை. மறுநாள் விடியற்காலையில் கட்லா, ரோகு எல்லாம் மேலே வந்து வாய் பிளந்தன. யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்கிறார்கள். ஜிலேபி கெண்டை மட்டும் சாகவில்லை.
— வாசகர், காட்டுமன்னார்கோவில்

ஜிலேபி பிழைத்தது நல்ல தடயம். மருந்து என்றால் அதுவும் செத்திருக்கும். நத்தை, இறால் முதலில் போயிருக்கும். குறைந்த ஆக்சிஜனை ஜிலேபி தாங்கும், கட்லா தாங்காது. இது மூச்சுத்திணறல்.

பச்சை ஏரியில் பிற்பகல் மூன்று மணிக்கு ஆக்சிஜன் 12 மில்லிகிராமுக்கு மேல் கூட இருக்கும். அதே நீரில் விடியலில் 2-க்குக் கீழே இறங்கும். பகலில் உற்பத்தி செய்த பாசியே இரவில் மூச்சுவிடுகிறது. மேகமூட்டம் இருந்தால் பகல் உற்பத்தியும் கிடையாது. அதற்கு மேல் கோடை மழையின் குளிர்ந்த நீர் எடை கூடி அடிக்கு இறங்கி, அடியிலிருந்த ஆக்சிஜனற்ற, அம்மோனியாவும் அழுகிய முட்டை நாற்ற வாயுவும் உள்ள நீரை மேலே தள்ளும். இரண்டும் ஒரே இரவில் நடந்ததுதான் உங்கள் ஏரியில்.

அப்போதே செய்ய வேண்டியவை: தீவனத்தையும் சாணம் போடுவதையும் நிறுத்துங்கள். இருக்கும் மோட்டாரைக் கொண்டு ஏரி நீரையே எடுத்து, ஆளுயரத்திலிருந்து சிதறி விழும்படி திருப்பி ஊற்றுங்கள். மீன்கள் அந்த மூலைக்கு வந்து கூடும். மோட்டாரின் உறிஞ்சு முனையைச் சேற்றில் வைக்காதீர்கள். ஆழ்துளைக் கிணற்று நீரைக் குழாய் வழியே நேராக உள்ளே விடுவதில் பலன் குறைவு. நிலத்தடி நீரிலும் ஆக்சிஜன் சொற்பம், அதையும் சிதறித்தான் விட வேண்டும். விற்கும் அளவுள்ள மீன் இருந்தால் அன்றே ஒரு பகுதியைப் பிடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

பலர் செய்யும் தவறு, உடனே சுண்ணாம்பு கொட்டுவது. பி.எச். 7-இல் மொத்த அம்மோனியாவில் மீனைக் கொல்லும் வடிவம் 1 சதவீதத்துக்கும் குறைவு. 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 8 ஆனால் 7 சதவீதத்துக்கு மேல். 9 ஆனால் ஏறக்குறைய 45 சதவீதம். பச்சை ஏரியில் சுண்ணாம்பு போட்டுப் பி.எச். உயர்த்துவது, மூச்சுத்திணறிப் பிழைத்த மீனை அம்மோனியாவால் கொல்வது. சுண்ணாம்புக்கு நேரம் ஏரி காய்ந்து கிடக்கும்போது.

அடுத்த ஆண்டுக்கு: மாசி முதல் வாரம் ஒருமுறை செச்சி தட்டு பாருங்கள். 40 சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால் மீன் இருப்பைக் குறைக்கத் தொடங்குங்கள். 20-க்கு வந்துவிட்டால் மேகம் கூடும் இரவுகளில் மோட்டாரும் ஆளும் தயாராக இருக்க வேண்டும்.

மேட்டூர் நீர்த்தேக்கத்திலும் பச்சைப் படலமும் நாற்றமும் அவ்வப்போது வருகின்றன. அவ்வளவு ஆழமான நீரிலும் இதே கதைதானா?
— வாசகர், மேச்சேரி

சேறு விடுவது அதே வேதியியல். மேலே வரும் காலம் வேறு. முழுக் கொள்ளளவில் 120 அடி நிற்கும் நீர், கோடையில் இரண்டு அடுக்காகப் பிரியும். மேலும் கீழும் இரண்டு மூன்று டிகிரிதான் வித்தியாசம் என்றாலும் பிரிவு உறுதியானது. ஏனென்றால் 29-லிருந்து 30 டிகிரிக்கு ஏறும்போது நீரின் எடை குறைவது, 4-லிருந்து 5-க்கு ஏறும்போது குறைவதைப் போல 35 மடங்குக்கு மேல். கீழ் அடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்து பாஸ்பேட்டும் அம்மோனியாவும் சேரும். மேல் அடுக்குப் பாசிக்கு அது எட்டாது. புதுவெள்ளம் பாய்ந்தாலோ, மார்கழி, தை இரவுகளில் மேல்நீர் குளிர்ந்தாலோ அடுக்கு கலைந்து சத்து மேலே வரும். படலம் அதிகம் தெரிவது அணையின் ஆழப் பகுதியில் அல்ல, பின்பகுதியின் ஆழமற்ற விளிம்புகளில். அங்கே நடப்பது ஊர் ஏரிக் கதைதான். காற்றும் படலத்தை அங்கேதான் ஒதுக்கும்.

இதன் பேரளவு வடிவம் ஆப்பிரிக்காவின் தங்கனிக்கா ஏரி. 1,470 மீட்டர் ஆழம். கீழ்ப்பகுதி என்றுமே ஆக்சிஜன் இல்லாதது. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்கிழக்குக் காற்று மேல்நீரை வடக்கே தள்ள, தெற்கு முனையில் அடிநீர் சத்தோடு எழும். அந்த ஏரியின் மீன்வளம் அந்தக் காற்றை நம்பியிருக்கிறது. சத்து மேலே வருவதே கேடு என்று நினைக்க வேண்டியதில்லை.

மயில்துத்தம், படிகாரம், நுண்ணுயிர் உருண்டை — எதைப் போடலாம்?
— பல ஊர் வாசகர்கள்

மயில்துத்தம் (செம்பு சல்பேட்) வேண்டாம். பாசி ஒரே நாளில் சாகும். அழுகும்போது ஆக்சிஜனைக் காலி செய்யும், உள்ளிருக்கும் நச்சை நீரில் விடும், செம்பு சேற்றில் நிரந்தரமாகத் தங்கும், மணிச்சத்து சில வாரங்களில் அடுத்த பாசிக்குப் போகும். நுண்ணுயிர் உருண்டை நாற்றத்தைக் குறைக்கலாம். ஆனால் பாஸ்பரஸை ஏரியைவிட்டு வெளியேற்றும் வழி அதற்கு இல்லை. படிகாரம் பாஸ்பேட்டை உண்மையாகவே பிடிக்கும். இரும்பைப் போல ஆக்சிஜன் தீர்ந்ததும் விட்டுவிடாது. ஆனால் பி.எச். மாறாமல் தாங்கும் காரத்திறன் குறைந்த நீரில் பி.எச். சரிந்து அலுமினியம் மீனைக் கொல்லும். ஆண்டுதோறும் புது வண்டல் வந்து மேலே மூடும் நம் ஏரிகளில் செலவுக்கேற்ற பலனும் இல்லை. சிறிய கோவில் குளத்துக்கு, நீர்ச் சோதனை செய்து அளவு தீர்மானித்தபின் யோசிக்கலாம்.

ஆகாயத்தாமரை சத்தை உறிஞ்சுகிறதே, விட்டுவைத்தால் என்ன?
— வாசகர், உத்திரமேரூர்

உறிஞ்சுவது உண்மை, வைத்துக்கொள்வதில்லை. வாரி வெளியே போடாவிட்டால் அங்கேயே அழுகி எல்லாவற்றையும் திருப்பித் தரும். வாரினாலும் கணக்கு நம் ஆர்வத்துக்கு ஈடுகொடுக்காது: ஒரு டன் பச்சைத் தாமரையில் 950 கிலோ தண்ணீர், மீதி 50 கிலோவில் பாஸ்பரஸ் 200 கிராம் அளவில்தான் இருக்கும். ஒரு டிஏபி மூட்டையை ஈடுகட்ட 50 டன் வார வேண்டும். வாரியதைக் கரையின் உள்சரிவில் குவித்தால் முதல் மழையில் சாறு முழுவதும் ஏரிக்கே திரும்பும். வெளிச்சரிவைத் தாண்டிக் கொண்டுபோய் மக்கவையுங்கள்.

வண்டல் எடுப்பது பயன் தருமா? எப்போது, எவ்வளவு ஆழம்?
— வாசகர், திருவெண்ணெய்நல்லூர்

உலர் வண்டலில் கிலோவுக்கு ஒரு கிராம் பாஸ்பரஸ் என்று வைத்தால், 10 டன் எடுத்தாலே ஒரு டிஏபி மூட்டை வெளியேறிவிடும். ஆகாயத்தாமரை வாருவதைவிட ஐந்து மடங்கு லாபம். வைகாசியிலிருந்து ஆடிக்குள், படுகை காய்ந்து வெடித்தபின் எடுங்கள். வேண்டியது மேலேயுள்ள கறுத்த, பொலபொலவென்ற அடுக்கு. பெரும்பாலும் 15 முதல் 30 சென்டிமீட்டர். அதற்குக் கீழே வரும் இறுகிய களிமண்தான் ஏரி நீரைத் தாங்கும் தளம். அதை வெட்டினால் நீர் இறங்கிவிடும். வரத்துக்கால் வாய்க்கு அருகே வண்டல் தடித்திருக்கும், அங்கே தொடங்குங்கள். கரைக்கு அருகே தோண்டக் கூடாது. வட்டாட்சியரிடம் அனுமதி பெற்று, அதிகாரிகள் குறித்துத் தரும் எல்லைக்குள் எடுங்கள்.

வயலில் போட்டால் டிஏபியை நிறுத்திவிடலாமா என்றால், முடியாது. வண்டலில் உள்ள மணிச்சத்தில் பெரும்பகுதி இரும்போடும் சுண்ணாம்போடும் கட்டுண்டது. பயிருக்கு உடனே கிடைக்காது. நீர்பிடிக்கும் திறன் கூடும் என்பதே அதன் முதல் பயன். சாயப்பட்டறை, தோல் தொழிற்சாலைக் கழிவு வரும் ஏரியின் வண்டலைக் குரோமியம், ஈயம் சோதிக்காமல் வயலில் போடாதீர்கள்.

பச்சை ஏடு கட்டிய நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாமா? மாடு குடிக்கிறதே?
— வாசகர், வந்தவாசி

கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நீலப்பச்சைப் பாசி உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் நச்சு அழியாது. பாசி வெடித்து நச்சு நீரில் இன்னும் கலக்கும். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நீண்டகாலப் பயன்பாட்டுக்கு ஏற்கும் அளவு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். ஏடு கட்டிய இடத்தில் அதைப் போலப் பல நூறு மடங்கு இருக்கக்கூடும். மாடு, ஆடுகளைக் காற்று வந்து மோதும் கரையில் விடாதீர்கள். படலம் ஒதுங்குவது அங்கேதான், அதிலும் காலை நேரத்தில் மிக அடர்த்தியாக. எதிர்க்கரையில் தெளிந்த நீர் இருந்தால் அங்கே ஓட்டுங்கள். இல்லாவிட்டால் தொட்டியில் கிணற்று நீர் வையுங்கள். ஏட்டைக் குடித்த மாடு தள்ளாடினாலோ கழிந்தாலோ கால்நடை மருத்துவரிடம் ஏரி நீரின் நிறத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.